சாலை வரிக்கு ‘நோ’ சொல்லக் கிளம்புகிறீர்களா? கலிஃபோர்னியா கவுண்டித் தேர்தலில் முதன்முறை இறங்குபவர்களுக்கு

2022 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃபோல்சம் பக்கம் ஓர் இந்திய மளிகைக் கடை வாசலில், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, துண்டுச்சீட்டு கொடுத்தபடி நின்றிருந்தேன். முருங்கைக்காய்க் கட்டும் கறிவேப்பிலையுமாக வெளியே வந்த ஓர் அம்மா, சீட்டை முழுக்கப் படித்தார். “ரோடு போட வரி கேக்கறாங்க. நீங்க வேணாம்ங்கறீங்க. அப்போ ரோடே வேணாமா தம்பி?” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்கு நிதானமாகவும் நேர்மையாகவும் பதில் சொல்லத் தெரிந்தால் நீங்கள் இந்த வேலைக்குத் தயார். இந்தக் கட்டுரை அதற்கான தயாரிப்பு. உங்கள் கவுண்டியில் போக்குவரத்துக்கென ஒரு விற்பனை வரி மெஷர் (மக்கள் நேரடியாக ‘எஸ்’ அல்லது ‘நோ’ போட்டு முடிவு செய்யும் முன்மொழிவு) வாக்குக்கு வருகிறது, அதில் ஊரை இன்னும் வெளியே இழுக்கும் சாலைகள் இருக்கின்றன, எதிர்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உதாரணம் பெரும்பாலும் சாக்ரமெண்டோ கவுண்டியின் 2022 மெஷர் ஏ. விதிகள் கலிஃபோர்னியாவுக்கானவை, வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தேதிகளையும் வரம்புகளையும் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் செலவுத் திட்டம்

மெஷரின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பராமரிப்பு, பாதுகாப்பு, நெரிசல் குறைப்பு: பெயரில் எப்போதும் இந்த மூன்றும் இருக்கும். யாரால் இவற்றை வேண்டாம் என்று சொல்ல முடியும்? வாக்குச்சீட்டில் அச்சாகும் கேள்வியும் 75 சொற்களுக்குள்தான். அதில் வரி விகிதம், ஆண்டுக்கு எவ்வளவு வரும், எத்தனை ஆண்டுகளுக்கு என்பவை இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பணம் எந்தச் சாலைக்குப் போகிறது என்பது அங்கே இருக்காது. அது செலவுத் திட்டம் என்ற தனி ஆவணத்தில் இருக்கும். கவுண்டித் தேர்தல் அலுவலகத்திலோ போக்குவரத்து ஆணையத்திலோ கேட்டு வாங்குங்கள். இணையத்திலும் கிடைக்கும், ஆனால் காகிதத்தில் அச்செடுத்துக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அதைப் பரப்பி, மூன்று வண்ணப் பேனாக்களுடன் உட்கார்ந்தோம். இருக்கும் சாலையைச் செப்பனிடும் வரிகளுக்குப் பச்சை. பஸ், ரயில், நடைபாதை, சைக்கிள் பாதைக்கு நீலம். புதிய லேன், புதிய இன்டர்சேஞ்ச், ‘இணைப்புச் சாலை’, ‘விரிவாக்கம்’ எல்லாவற்றுக்கும் சிவப்பு. ‘நெரிசல் குறைப்பு’ என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். சிவப்பு அதிகம் விழுவது அங்கேதான். அப்புறம் வினைச்சொற்களைக் கவனியுங்கள். ‘செய்ய வேண்டும்’ என்று எழுதியிருக்கிறதா, ‘செய்யலாம்’ என்றா? பின்னால் ஆணையமே வாக்கெடுத்துத் திட்டத்தை மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்களா? பஸ்ஸுக்கு என்று காட்டிய பணம் வேறு பக்கம் போகாமல் இருக்க என்ன பூட்டு?

சாக்ரமெண்டோ மெஷர் ஏ கேட்டது டாலருக்கு அரை செண்ட் விற்பனை வரி, 40 ஆண்டுகளுக்கு. மொத்தம் சுமார் 850 கோடி டாலர் வரும் என்று கணக்கு. கவுண்டியில் 2004-இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட அரை செண்ட் வரி ஏற்கனவே 2039 வரை ஓடிக்கொண்டிருக்கிறது. இது அதற்கு மேல் இன்னொன்று. 40 ஆண்டு என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்று மழலையர் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு நாற்பத்தைந்து வயதாகும்வரை, இன்று வரைந்த பட்டியல்தான் பணத்தை வழிநடத்தும்.

பட்டியலைப் படித்த பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். இதைச் செய்யாமல் யாரிடமும் பேசப் போகாதீர்கள். அந்தத் திட்டத்தில் பெரிதாகப் பேசப்பட்டது கேப்பிடல் சவுத்ஈஸ்ட் கனெக்டர்: எல்க் குரோவில் தொடங்கி எல் டொராடோ ஹில்ஸ் வரை 34 மைல். அந்தப் பாதையில் கணிசமான பகுதி மேய்ச்சல் புல்வெளி. மார்ச் மாதம் போனால் புல்லுக்கு நடுவே ஆழமில்லாத மழைக்குட்டைகள் தெரியும். தண்ணீர் வற்ற வற்ற, கரையோரம் வளையம் வளையமாக மஞ்சளும் வெள்ளையுமாகப் பூ பூத்து உள்ளே நகரும். கோடையில் வெறும் காய்ந்த தரை. இந்தக் குட்டைகளிலேயே வாழும் சிறு இறால் வகைகள் அழிவின் விளிம்பில் இருப்பவை. அங்கே அகலச் சாலை வந்தால் அடுத்து வருவது மனைப்பிரிவு. நகர வசதிகள் எதுவரை போகலாம் என்று கவுண்டி 1993-இல் ஓர் எல்லை வரைந்தது. எல்லைக்கு அருகே பெரிய சாலை வந்தபின் அந்த எல்லையை நகர்த்தச் சொல்லி வரும் நெருக்கடி சாதாரணமானதல்ல. மெஷரின் ஆதரவுப் பிரசாரத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் நில மேம்பாட்டு நிறுவனங்களும் கட்டுமானத் துறையினரும் முக்கியமானவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நன்கொடைக் கணக்கு பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஜெயிக்க எத்தனை ஓட்டு?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். அரசு அமைப்பே கொண்டுவரும் போக்குவரத்து வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அப்படியானால் எதிர்ப்பவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருந்தால் போதும். ஆனால் மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவந்த மனு என்றால் பாதிக்கு மேல் ஓர் ஓட்டு கிடைத்தாலே நிறைவேறிவிடும். 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் அப்லாண்ட் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பின் இந்த வழி திறந்தது.

2022 நவம்பரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. ஃபிரெஸ்னோவின் மெஷர் சி பாதிக்கு மேல் ஆதரவு பெற்றும் மூன்றில் இரண்டை எட்டாமல் தோற்றது. சாக்ரமெண்டோவில் மெஷர் ஏ கையெழுத்து மனுவாக வந்ததால் எங்களுக்குப் பாதிக்கு மேல் ‘நோ’ தேவைப்பட்டது. மூன்றில் ஒரு பங்கைத் திரட்டுவதும் பாதியைத் திரட்டுவதும் ஒரே வேலை இல்லை. முதலாவதுக்கு உங்கள் பக்கம் ஏற்கனவே இருப்பவர்களைத் தட்டி எழுப்பினால் போதும். இரண்டாவதுக்கு, தினமும் நெரிசலில் மாட்டித் தவிக்கும் மனிதரிடம் போய்ப் பேசியே ஆக வேண்டும்.

தவறவிடக் கூடாத தேதி

பலரும் அக்டோபரில் விழித்துக்கொள்கிறார்கள். உண்மையான வேலை ஆகஸ்டில்.

நவம்பர் தேர்தல் என்றால், 88 நாட்களுக்கு முன்பே மெஷர் பட்டியலில் ஏறிவிட வேண்டும். அதற்கு அடுத்த சில நாட்களில், வாக்காளர் கையேட்டில் அச்சாகும் எதிர்வாதத்தைக் கொடுத்தாக வேண்டும். எதிர்வாதம் 300 சொற்களுக்குள், எதிர்த்தரப்புக்கு மறுப்புரை 250 சொற்களுக்குள், கையெழுத்துப் போடுபவர்கள் ஐந்து பேர் வரை. மெஷருக்கு ஏ, பி, சி என்று எழுத்து ஒதுக்கிய அன்றே தேர்தல் அலுவலகத்துக்கு போன் போட்டு, தேதியையும் மணியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான்.

எதிர்வாதம் யாரும் தராவிட்டால் கையேட்டில் அந்த இடத்தில் ‘எதிர்வாதம் எதுவும் அளிக்கப்படவில்லை’ என்ற ஒரு வரிதான் வரும். கவுண்டியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் போய்ச் சேரும் புத்தகம் அது. இலவசமாகக் கிடைக்கும் பக்கம். லட்சக்கணக்கான டாலர் கொட்டி ஆதரவுத் தரப்பு அனுப்பும் வழவழப்பான அட்டைகளைவிட மக்கள் அதைத்தான் நம்பிப் படிக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்வாதம் வந்தால் தனி வாக்காளர்களைவிட முறையான சங்கங்களுக்கு முன்னுரிமை. அதனால் தனியாக எழுதி அனுப்பாமல் ஒரு சங்கத்தோடு சேர்ந்து எழுதுங்கள். ஐந்து கையெழுத்தையும் ஒரே மாதிரி ஆட்களிடம் வாங்காதீர்கள். ஒரு நுரையீரல் மருத்துவர், ஒரு பஸ் பயணி, ஒரு விவசாயி, வரிக் கணக்கு தெரிந்த ஒருவர் என்று இருந்தால் படிப்பவருக்கு யாராவது ஒருவராவது தன்னைப்போலத் தெரிவார்.

வாதங்கள் பத்து நாட்கள் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். அதில் பொய்யோ திசைதிருப்பலோ இருந்தால் வாக்காளர் எவரும் நீதிமன்றத்துக்குப் போகலாம். உங்கள் வாதத்துக்கும் அதே விதிதான், ஆகவே ஒவ்வோர் எண்ணுக்கும் கையில் ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன பேசுவது?

பத்துக் காரணம் சொல்லாதீர்கள். இரண்டு போதும்.

ஒன்று, சாலையை அகலமாக்கினால் நெரிசல் தீராது. இதைப் புள்ளிவிவரமாகச் சொன்னால் யாருக்கும் ஏறாது. நான் இப்படிச் சொல்வேன்: காலை ஏழரை மணிக்குப் போனால் நெரிசல் என்று ஆறரைக்கே கிளம்புகிறவர்கள், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள், தூரம் என்று அந்தப் பக்கம் வீடே வாங்காதவர்கள் எல்லோரும் புதிய லேன் திறந்ததும் ஏழரைக்கு வந்துவிடுவார்கள். சாலை ஓரத்தில் புதிதாக எழும்பிய ஐயாயிரம் வீட்டுக்காரர்களும் அதே லேனில்தான் வருவார்கள். ஹூஸ்டனின் கேட்டி ஃப்ரீவேயை 2008-இல் பக்கச் சாலைகளோடு சேர்த்து 26 லேன்வரை அகலப்படுத்தினார்கள். 2011-க்கும் 2014-க்கும் இடையில் மாலை நெரிசல் நேரப் பயணம் பாதிக்கு மேல் நீண்டுவிட்டது. உங்கள் ஊர்த் திட்டத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால் யூ.சி. டேவிஸ் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் தூண்டப்பட்ட பயணக் கணிப்பான் இருக்கிறது. கவுண்டியையும் எத்தனை லேன்-மைல் கூடுகிறது என்பதையும் கொடுத்தால் ஆண்டுக்கு எத்தனை மைல் கூடுதலாக வண்டி ஓடும் என்று சொல்லும். இலவசம்.

இரண்டாவது, காற்று. சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கு மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம்போல் இருக்கிறது. கோடையில் டெல்டா பக்கமிருந்து வரும் மாலைக் காற்று நகரத்துப் புகையைக் கிழக்கே தள்ளுகிறது. வெயிலில் அது ஓசோனாக மாறுகிறது. அதனால்தான் நகரத்தின் நடுவில் இருப்பவர்களைவிட ஃபோல்சம் பக்கம் இருக்கும் நமக்கு ஓசோன் அதிகம். அந்த அம்மாவிடம் நான் சொன்னதும் இதைத்தான். அவர் பேரனுக்கு இன்ஹேலர் இருக்கிறது என்றார். ஜூலை மாதம் பள்ளிக் கூடைப்பந்து முகாமில் ‘இன்றைக்கு வெளியே விளையாட்டு இல்லை’ என்று செய்தி வந்த நாட்களை அவரே விரல் விட்டு எண்ணினார். எலெக்ட்ரிக் கார் வந்தால் சரியாகிவிடாதா என்று அவருடைய மகன் கேட்டார். நியாயமான கேள்வி. புகைக்குழாய் போய்விடும்; டயரும் சாலையும் தேய்ந்து பறக்கும் நுண்துகள் போகாது. ஃப்ரீவேயிலிருந்து 500 அடிக்குள் வீடும் பள்ளியும் கட்ட வேண்டாம் என்று மாநிலக் காற்று வாரியம் 2005-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

இதோடு ஓர் அதிகாரபூர்வக் கணக்கும் கைவசம் இருந்தால் நல்லது. எஸ்.பி. 375 என்ற 2008 சட்டப்படி ஒவ்வொரு வட்டாரமும் கார்களிலிருந்து வரும், புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்கும் இலக்கை எட்ட வேண்டும். சாக்ரமெண்டோ வட்டாரத்தின் இலக்கு 2035-க்குள் ஆளுக்கு 19 விழுக்காடு. மெஷரில் உள்ள சாலைகளைச் சேர்த்தால் அந்த இலக்கு எட்டாது என்று வட்டாரத் திட்டமிடல் அமைப்பின் ஆய்வே காட்டியது. எதிர்ப்பவர் சொல்வதைவிட அரசு அமைப்பின் கணக்கு சொல்வது பத்து மடங்கு எடுபடும். உங்கள் வட்டாரத்துக்கும் இப்படி ஓர் ஆய்வு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தூரத்தில் வீடு வாங்கியவர்களைக் குறை சொல்லும் தொனி உங்கள் பேச்சில் ஒருபோதும் வரக் கூடாது. நம் ஆட்களில் எத்தனை பேர் இரண்டு அறை அபார்ட்மெண்டில் வாடகை கட்டிக் கட்டிச் சலித்து, ஊரோரத்தில்தான் கட்டுப்படியாகும் என்று போயிருக்கிறோம். அம்மா அப்பா ஊரிலிருந்து வந்தால் தங்க ஒரு கீழ்த்தள அறை வேண்டும் என்று போயிருக்கிறோம். அப்படிப் போனவர்கள் தினமும் சாலையில் படும் பாடு நிஜம். “உங்கள் நேரத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி இந்தத் திட்டம் வரி கேட்கிறது, ஆனால் மீட்டுத் தராது” என்பதுதான் பேச்சு. குழி விழுந்த தெருவைச் சரிசெய்யவும், அரை மணிக்கு ஒரு பஸ்ஸைக் கால்மணிக்கு ஒன்றாக்கவும் வரி கேட்டால் நானே முதல் ஆளாக ‘எஸ்’ போடுவேன் என்று சொல்லுங்கள். மனதார இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

யாரோடு, எந்த விதிக்குள்?

சாக்ரமெண்டோவில் ஈகோஸ் என்ற சாக்ரமெண்டோ சுற்றுச்சூழல் கவுன்சில், நாடு முழுக்க இயங்கும் சுற்றுச்சூழல் அமைப்பான சியரா கிளப், பருவநிலைக்காகப் பேசும் 350 சாக்ரமெண்டோ, பொதுப் போக்குவரத்துக்காகப் பேசுபவர்கள் எல்லோரும் எதிர்ப்பில் இருந்தார்கள். உங்கள் ஊரிலும் இப்படி யாராவது இருப்பார்கள். முதலில் அவர்களுடைய கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். புதிதாக ஒன்று தொடங்காதீர்கள். வரி என்றாலே எதிர்ப்பவர்களும் உங்கள் பக்கம் ‘நோ’ போடுவார்கள். அட்லாண்டாவில் 2012 ஜூலையில் பத்து கவுண்டிப் போக்குவரத்து வரியை சியரா கிளப்பும், வரி எதிர்ப்பு வலதுசாரி இயக்கமான டீ பார்ட்டியும் ஒரே நேரத்தில் எதிர்த்தன. 63 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம், ஒரே மேடை வேண்டியதில்லை. ஆனால் உங்கள் காரணம் எது என்பதில் மங்கல் வரவிடாதீர்கள். மெஷர் தோற்ற பிறகு ‘மக்களுக்கு வரியே பிடிக்கவில்லை’ என்று எழுதிவிட்டால் பஸ்ஸுக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்படும்.

பண விஷயத்தில் கவனமாக இருங்கள். ஓர் ஆண்டில் 2,000 டாலர் திரட்டிவிட்டால் நீங்கள் சட்டப்படி ஒரு கமிட்டி. பத்து நாட்களுக்குள் 410 படிவம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், பிறகு வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். கணக்குப் பிள்ளை ஒருவரை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

குடியுரிமை பற்றி நம்மவர்கள் கட்டாயம் கேட்கிறார்கள். ஓட்டுப் போடுவது குடிமக்கள் மட்டும்தான். இதில் சிறிதும் விளையாடாதீர்கள். தவறுதலாகப் பதிவு செய்துகொண்டால்கூடக் குடியேற்ற வழக்கில் பெரிய சிக்கலாகும். கிரீன் கார்டு உள்ளவர்கள் நன்கொடை தரலாம். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் பணம் தராமல், கமிட்டியின் பண முடிவுகளில் தலையிடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் கருத்துச் சொல்லலாம், பொதுக் கூட்டத்தில் பேசலாம். உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்னும் பிரௌன் சட்டப்படி, அந்தக் கூட்டத்துக்கு வர உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

தமிழ்ச் சங்கமோ தமிழ்ப் பள்ளியோ கோயிலோ வரிவிலக்குப் பெற்ற 501(சி)(3) அமைப்பாக இருந்தால், வேட்பாளர் யாரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. மெஷர் பற்றி ஓர் அளவுக்குள் நிலைப்பாடு எடுக்கலாம். இருந்தாலும் நிர்வாகிகள் தயங்குவார்கள். வற்புறுத்தாதீர்கள், இரண்டு தரப்பையும் அழைத்து ஒரு சனிக்கிழமை கலந்துரையாடல் வைக்கலாமா என்று கேளுங்கள். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆட்களைப் பார்ப்பது

வாக்குச்சீட்டுகள் தேர்தலுக்கு 29 நாட்களுக்கு முன்பே தபாலில் கிளம்பிவிடும். பலர் அந்த வாரமே நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் உங்கள் கடிதங்கள், செய்தித்தாள் கடிதம், வாட்ஸ்அப் குழுவில் போடும் விளக்கம் எல்லாம் அக்டோபர் முதல் வாரத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கடைசி வாரம் மறந்துபோனவர்களுக்கு நினைவூட்ட மட்டும்.

கவுண்டிக் கூட்டத்தில் உங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு நிமிடம் கிடைக்கும். எழுதி வைத்து, கடிகாரம் வைத்து வாசித்துப் பழகுங்கள். ஒரு சாலையின் பெயர், ஓர் எண், உங்கள் வீட்டு விஷயம் ஒன்று: இரண்டு நிமிடத்துக்கு இவ்வளவுதான் கொள்ளும். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அறையில் இருப்பவர்கள் கேட்கிறார்கள்.

வீடு வீடாகப் போகும்போது இருவராகப் போங்கள். தமிழ் வீடு என்று தெரிந்தால் தமிழிலேயே தொடங்குங்கள்; கதவு அகலமாகத் திறக்கும். வாதாடாதீர்கள். ‘எஸ்’ போடப் போகிறேன் என்று உறுதியாகச் சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். யோசிக்கிறேன் என்பவரிடம் உட்காருங்கள். வாக்குச்சாவடிக்கு 100 அடிக்குள் எந்தப் பிரசாரமும் கூடாது, சட்டையில் குத்திய பேட்ஜ்கூட.

முடிவு வந்த பிறகு

சாக்ரமெண்டோவில் மெஷர் ஏ தோற்றது. அன்று இரவு எங்களில் சிலர் அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். இல்லை. குழிகள் அப்படியேதான் இருந்தன, பஸ்ஸும் அரை மணிக்கு ஒன்றாகவே ஓடியது. மெஷரைத் தோற்கடித்தவர்கள் அடுத்த திட்டம் எழுதும் அறையில் இல்லாவிட்டால் அதே பட்டியல் வேறு எழுத்தோடு திரும்பி வரும்.

சியாட்டிலில் நடந்ததைப் பாருங்கள். 2007-இல் சாலையையும் ரயிலையும் ஒன்றாகக் கட்டி ஒரு மெஷர் வந்தது. அதில் இருந்த ஃப்ரீவே விரிவாக்கத்துக்காக சியரா கிளப் எதிர்த்தது. ரயிலைக் கெடுக்கிறீர்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். மெஷர் தோற்றது. அடுத்த ஆண்டே சாலையை விட்டுவிட்டு ரயிலை மையமாக வைத்து வாக்குக்கு வந்தார்கள், ஜெயித்தது. அந்த 2008 ஓட்டில் பிறந்ததுதான் 2024 ஏப்ரலில் தெற்கு பெல்வியூவிலிருந்து ரெட்மண்ட் டெக்னாலஜி நிலையம் வரை ஓடத் தொடங்கிய ரயில். மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்க்கும் என் நண்பர் இப்போது அதில்தான் போகிறார். காலையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார். அட்லாண்டாவிலும் 2012 தோல்விக்கு நான்கு ஆண்டு கழித்து, நகர வாக்காளர்கள் அங்கே பஸ்ஸும் ரயிலும் நடத்தும் மார்ட்டா அமைப்புக்காக அரை செண்ட் வரியைப் பெரும்பான்மையாக ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே டிசம்பரிலேயே மூன்று விஷயம் செய்துவிடுங்கள். கவுண்டிப் போக்குவரத்து ஆணையத்தின் கூட்ட அறிவிப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு வரப் பதிவு செய்யுங்கள். இப்போது ஓடும் வரியின் செலவைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழுவில் எப்போது இடம் காலியாகிறது என்று கேளுங்கள். பச்சை, நீலம், சிவப்புக் கோடு போட்ட அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த செலவுத் திட்டம் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.